வீரராகவனை வளர்த்த விதம்

திருஎவ்வுள் திவ்யதேசத்தில் பள்ளிகொண்டருளும் எம்பெருமானுக்கு ஸ்ரீ வீரராகவன் என்று திருநாமம். அமாவாசைதோறும் ஹிருத்தாபநாசினியில் வெல்லம் கரைத்துப் பிணிதீர வேண்டும் அன்பர்கள், அந்த வீரம் வளர்ந்த விதத்தையும் சற்றுச் சிந்திக்கலாம்.

வேள்வி காக்க இராமனை அனுப்புமாறு விசுவாமித்திரர் கேட்டபோது தசரதன் நடுங்கினான். பதினாறு வயதும் நிரம்பாத பாலன் என்றான். அக்ஷௌஹிணி சேனையோடு தானே வந்து போரிடுவதாகவும் சொன்னான். பெற்ற பாசம் அப்படித்தான் பேசும். வசிஷ்டர் எடுத்துரைத்த பின்னரே மகனை அனுப்ப இசைந்தான்.

வழியில் முனிவர் பலை, அதிபலை என்னும் வித்தைகளை உபதேசித்தார். தாடகை எதிர்ப்பட்டபோது, பெண் என்றெண்ணி இராமன் கொல்லத் தயங்கினான். முனிவர் தர்மம் இன்னதென்று விளக்கினார். அந்திப்பொழுது வந்தால் அரக்கர் வலிமை பெறுவர் என்று எச்சரித்தார். வெற்றி உண்டாகுக என வாழ்த்தினார். அம்பு எய்தவன் இராமனே. திவ்யாஸ்திரங்கள் அனைத்தையும் அவர் அளித்தது அதற்குப் பின்புதான் என்பதை வால்மீகி ராமாயணம் படிப்போரிலும் பலர் கவனிப்பதில்லை.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்டு முடித்து வீடு திரும்பும் தகப்பனார் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். மகனுடைய சைக்கிள் சங்கிலி கழன்றிருக்கிறது. இயந்திரங்களோடு பழகிய அவர் கை ஒரு நிமிஷத்தில் மாட்டிவிடும். பையனுக்கோ அரைமணி ஆகும், சட்டையும் மசியாகும். அந்த அரைமணி கையைக் கட்டிக்கொண்டு நிற்பது, களைத்து வந்தவருக்குத் தவத்தினும் கடினம். ஆயினும் நின்றாரானால், மறுமுறை நடுவழியில் சங்கிலி கழன்றாலும் பையன் கலங்கமாட்டான். இதற்காக, லாரிகள் விரையும் நெடுஞ்சாலையைக் குழந்தை தனியே கடக்கட்டும் என்று விட்டுவிடுவது தகாது. விசுவாமித்திரர் பக்கத்திலேயே நின்றார்.

எல்லாம் அவன் செயலென்று சரணடைந்தவர்க்குத் தன்னம்பிக்கை அகங்காரமாகாதா என்று சிலர் ஐயுறுவர். குரங்குக்குட்டி தாயைப் பற்றுகிறது. பூனைக்குட்டியைத் தாயே கவ்விச் செல்கிறது. இவ்விரு நியாயங்களையும் கொண்டு பெரியோர் வாதித்தது மோக்ஷோபாயத்தைக் குறித்தே. பிள்ளையின் வீட்டுக்கணக்கைத் தந்தை போட்டுத் தருவதைக் குறித்தன்று. அந்தத் தாய்ப்பூனையும் குட்டி வளர்ந்தபின் உயிருள்ள இரையைக் கொணர்ந்து அதன்முன் விட்டு விலகி நிற்கிறது.

கீதையிலும், தேரோட்டிய கண்ணன் அர்ஜுனனுக்காக அம்பு தொடுக்கவில்லை. பதினெட்டாம் அத்தியாயம் 63ஆம் சுலோகத்தில், சொன்னவற்றையெல்லாம் நன்கு ஆராய்ந்து விரும்பியபடி செய் என்று அவனிடமே விட்டுவிடுகிறான். அடைக்கலம் தரும் சரமசுலோகம் 66ஆவதாகவே வருகிறது.