துணையில்லாத நடை

துருக்கியின் தெற்குக் கரையில் ஃபெத்தியேவிலிருந்து அந்தால்யா நோக்கிப் போகும் லிசியப் பாதை 500 கிலோமீட்டருக்கும் மேல் நீளமானது. கேட் க்ளோ என்ற பிரித்தானியப் பெண் பழைய சாலைகளையும் மேய்ச்சல் தடங்களையும் இணைத்து உருவாக்கிய பாதை, 1999இல் திறக்கப்பட்டது. பாறைகளில் தீட்டிய சிவப்பு வெள்ளைக் கோடுகளைப் பார்த்து நடந்தால் போதும். கடலோரத்தில் தொடங்கி, பைன் காடுகளைக் கடந்து, தாஹ்தலி மலைச் சரிவின் சீடர் மரங்கள்வரை போகலாம். வழிகாட்டி வேண்டாம். வரைபடம், இரவுத் தங்கல், பெட்டியை அடுத்த ஊரில் சேர்க்கும் வண்டி எல்லாவற்றையும் சுற்றுலா நிறுவனங்கள் சேர்த்தே விற்கின்றன.

"துணைக்கு யார் வருகிறார்கள்?" என்ற கேள்வியோடு வளர்ந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். துணை என்ற சொல்லுக்குள் காவலும் இருக்கிறது, கண்காணிப்பும் இருக்கிறது. தானே வழி தவறி, தானே திரும்பி வரும் உரிமையை நான் சிறிதாக நினைக்கவில்லை. இதை வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்குகிற தோழர்கள், ஆண்கள் ஊர் சுற்றியதை அப்படி ஒதுக்கி நான் பார்த்ததில்லை.

ஆனால் அந்த மலைகளில் பெண்கள் முன்பே நடந்திருக்கிறார்கள். யோருக் இடையர் குடும்பங்கள் கோடையில் ஆடுகளோடு கரையிலிருந்து 'யய்லா' எனும் மலை மேய்ச்சல் நிலங்களுக்கு ஏறி, குளிருக்கு முன் இறங்கின. கூடாரத்துக்கான ஆட்டுமயிர்த் துணியை நெய்ததும், போகிற இடமெல்லாம் அடுப்பு மூட்டியதும் பெண்கள். அந்த நடைக்கு விடுமுறை என்று பெயரில்லை.

இன்று வழியிலுள்ள சிற்றூர்களில் குடும்பங்கள் நடத்தும் விடுதிகள் இருக்கின்றன. நடந்து களைத்து வருபவளுக்காக ஒருத்தி மாவு பிசைகிறாள், படுக்கை விரிக்கிறாள். இவள் போவதற்கு அவள் வீட்டில் நிற்க வேண்டியிருக்கிறது. அதற்காக நடையை நிறுத்தினால் அவளுக்கு வருமானம்தான் போகும். குற்ற உணர்வால் பயனில்லை, விசாரிக்கலாம். விடுதி யார் பெயரில்? முகவர் எடுத்ததுபோக மிஞ்சும் பணம் யார் கையில்?

பெண்கள் மீதான வன்முறைக்கு எதிரான ஐரோப்பிய உடன்படிக்கை 2011இல் இஸ்தான்புல்லில்தான் கையெழுத்தானது. 2021இல் துருக்கி அதிலிருந்து விலகியது. பெண்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அந்த நாட்டில் அச்சமின்றி நடந்ததாக எழுதும் பயணி பொய் சொல்லவில்லை. அவளுக்குக் கிடைத்தது விருந்தாளிக்கான மரியாதை. அவள் தங்கிய வீட்டின் மகள், அதே கோடுகளைப் பார்த்துக்கொண்டு ஒரு வாரம் காட்டு வழியே தனியாக நடக்க விரும்பினால், யார் யாரிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கும்?