ஆகாயத்தாமரைக்கு யார் காரணம்?

குளத்தில் ஆகாயத்தாமரையைப் பிடுங்குவது பாவமா? கோவை காந்திபுரத்தில் எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றும் அம்மா கேட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் சிலர் குளத்தில் இறங்கிச் செடி அள்ளுவது அவருக்குத் தெரியும். "பூப்பூத்து நிக்குதுங்களே, அதும் ஒரு உசுருதானுங்களே" என்றார். தொல்காப்பியம் புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என்கிறது. நம் கொங்குநாட்டு விஜயமங்கலத்தில் வாழ்ந்த சமணர்களுக்கும் செடி உயிர்தான். அந்தக் கேள்வியைத் தள்ளிவிட என்னால் முடியவில்லை. பாவம் யாருடையது என்று அறிய, முதலில் காரணத்தைத் தேடினேன்.

சைவ சித்தாந்தம் எந்தக் காரியத்துக்கும் மூன்று காரணம் தேடச் சொல்கிறது. குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். உக்கடம் பெரியகுளத்தையும் சிங்காநல்லூர்க் குளத்தையும் மூடிய பச்சைக்கும் அப்படியே தேடிப் பார்த்தேன்.

முதற்காரணம் அமேசான் படுகையில் இருக்கிறது. 1817 முதல் 1820 வரை பிரேசிலில் சுற்றிய ஜெர்மானியர் மார்ட்டியஸ் இந்தச் செடியை அறிவியலுக்கு விவரித்தார். அங்கே இதைத் தின்னும் பூச்சிகள் உண்டு. செடி அடங்கி வளர்கிறது. ஊதாப் பூவின் அழகுக்காக மனிதர்கள் இதை நாடு நாடாகக் கொண்டுபோனார்கள், பூச்சிகளை விட்டுவிட்டு. வங்காளத்தில் ஆறும் வயலும் அடைபட்டு, 1936இல் இதை ஒழிக்கவே தனிச்சட்டம் போட வேண்டியிருந்தது.

பிறந்த இடத்தைத் தேடுவது வெளியூர்க்காரன் என்று பழிபோட அல்ல, மருந்து தேடத்தான். கேரளத்து வயல்களை மூடிய சால்வீனியா என்ற நீர்க்களையை முதலில் வேறொரு இனமாக நினைத்து, அந்த இனத்தின் பூச்சிகளை விட்டுப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. 1972இல்தான் அது தனி இனம் என்று தெரிந்தது. பிறகு அதன் தாயகம் தென்கிழக்குப் பிரேசிலில் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கிருந்து எடுத்த ஒரு சிறு கூன்வண்டு 1980களில் ஆஸ்திரேலியாவிலும் கேரளத்திலும் அந்தக் களையைத் தின்று நீரைத் திறந்துவிட்டது. அதே காலத்தில் ஆகாயத்தாமரைக்கான கூன்வண்டுகளும் பெங்களூருக்கு வந்தன. மூலம் தவறினால் மருந்தும் தவறும்.

ஆனால் நம் குளங்களில் வண்டு மட்டும் போதாது, துணைக்காரணம் அத்தனை வலுவாக இருக்கிறது. சாக்கடையிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் இந்தச் செடிக்கு உரம். அது கிடைத்தால் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகிவிடும். விதையோ சேற்றில் ஆண்டுக்கணக்கில் உறங்கும். ரத்தினபுரி வழியாக ஓடும் சங்கனூர்ப் பள்ளம் என்ற ஓடையைப் பாருங்கள். வழியெல்லாம் கழிவை வாங்கிக்கொண்டு சிங்காநல்லூர்ப் பக்கம் நொய்யல் ஆற்றில் போய்ச் சேர்கிறது. அந்தக் கழிவை அனுப்புகிறவர்கள் நாம். நிமித்த காரணம் நாமேதான்.

அந்த அம்மாவுக்கு என் பதில் இது. செடி மேல் குற்றம் இல்லை. ஆனாலும் அள்ளித்தான் ஆக வேண்டும். அது மூடிய நீரில் வெயில் இறங்காது, பிராணவாயு குறையும், மீன் செத்து மிதக்கும். ஒன்றைக் காக்க இன்னொன்றைப் பிடுங்குவதை அறம் பொறுக்கலாம். சாக்கடையை நிறுத்தாமல் வருடாவருடம் பிடுங்குவதைப் பொறுக்காது. பயனில்லை என்று தெரிந்தே உயிரைக் கொல்கிறோம், அதுதான் பாவம்.

உங்கள் வீட்டுக் கழிவுநீர் எங்கே போகிறது என்று இந்த வாரமே பாருங்கள். திறந்த ஓடைக்குப் போனால், பாதாள சாக்கடை இணைப்புக்கு மாநகராட்சியில் மனுக் கொடுங்கள்.