அணுவை நம்புவதும் ஆண்டவனை நம்புவதும்

"அணுவை யார் பார்த்தது? ஆனாலும் நம்புகிறோம் அல்லவா? கடவுளும் அப்படித்தான்." ஆன்மிகச் சொற்பொழிவுகளில் இதை அடிக்கடி கேட்கிறேன். கூட்டமும் தலையாட்டுகிறது. தினமும் திருநீறு பூசிக்கொண்டு பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதியியல் நடத்தப் போகிற எனக்கு இந்த வாதம் பிடிக்கவில்லை. இதில் அணுவுக்கும் நியாயமில்லை, ஆண்டவனுக்கும் நியாயமில்லை.

ஆய்வகத்துக்கு வாருங்கள். பியூரெட்டில் பொட்டாசியம் பெர்மாங்கனேட். கூம்புக் குடுவையில் பிப்பெட்டால் எடுத்துவிட்ட 20 மில்லி ஃபெரஸ் கரைசல், கூடவே நீர்த்த கந்தக அமிலம். கத்தரிப்பூ நிறத்தில் துளி விழுகிறது. குடுவையைச் சுழற்றினால் நிறம் போய்விடுகிறது. விழ விழப் போய்க்கொண்டே இருக்கும். பிறகு ஒரு துளி மட்டும் போகாது. கரைசல் முழுவதும் மெல்லிய இளஞ்சிவப்பாகி அப்படியே நிற்கும். திருகை அங்கே மூட வேண்டும்.

அந்தக் கடைசித் துளிக்குள் எத்தனை பெர்மாங்கனேட் அயனிகள் என்று பிள்ளைகளைக் கணக்குப் போடச் சொல்வேன். கரைசல் 0.1 நார்மல், அதாவது 0.02 மோலார். துளி ஏறத்தாழ 0.05 மில்லி. பெருக்கினால் ஒரு மோலில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அதை அவகாட்ரோ எண்ணால் பெருக்கினால், ஆறாயிரம் கோடியைக் கோடியால் பெருக்கிய அளவு! இவ்வளவு திரண்டால்தான் நம் கண்ணுக்கு ஒரு சாயல் தெரிகிறது.

மணிமேகலையில், வஞ்சி நகரத்து ஆசீவகச் சமயவாதி இதைத்தான் சொல்கிறார். தனி அணுவைத் தெய்வக் கண் உடையவரே அறிவார். மற்றவர்களுக்குத் திரண்டால்தான் தெரியும், அந்தி நேரத்தில் ஒற்றை மயிர் தெரியாமல் மயிர்க்கற்றை தெரிவதைப் போல. என்ன அருமையான பார்வை! ஆனால் அவர் தெய்வக் கண்ணிடம் விட்டுவிட்டதை, இன்று பதினேழு வயதுப் பிள்ளை கணக்கால் எட்டிப் பிடிக்கிறது.

சைவ சித்தாந்தம் அறியும் வழிகளைக் காண்டல், கருதல், உரை என்று வகுக்கும். குடுவையின் நிறம் காண்டல். கணக்கு கருதல். பாடநூலில் அச்சிட்ட அவகாட்ரோ எண் என் மாணவர்களுக்கு உரைதான், மறுக்கவில்லை. ஆனால் சோதித்துப் பார் என்று தன்னை ஒப்புக்கொடுக்கும் உரை அது. வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட் 'மோல்' என்ற சொல்லையே புழக்கத்துக்குக் கொண்டுவந்த வேதியியலர்; ஆனாலும் அணு உண்மையில் இருக்கிறது என்பதை நெடுங்காலம் ஏற்கவில்லை. நீரில் மிதக்கும் பிசின் துகள்களை நுண்ணோக்கியில் வைத்து எண்ணி, அவகாட்ரோ எண்ணைக் கண்டார் ழான் பெரன். வேறு வேறு வழிகளில் போனாலும் ஏறக்குறைய அதே எண். அத்தகைய சோதனைகளுக்குப் பிறகு, 1909 வாக்கில், ஆஸ்ட்வால்ட் தன் கருத்தை மாற்றிக்கொண்டார்.

சந்நிதியில் நிற்கும்போது நான் எதையும் சரிபார்க்க நிற்பதில்லை. என் பக்தி எந்த அளவீட்டாலும் தோற்கக்கூடியதும் இல்லை. அணுவைப் பற்றிய நம்பிக்கையோ தோற்கத் தயாராக நின்று, தோற்காமல் வந்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது இரண்டையும் மலிவாக்குவது.

அதனால்தான், மறுபடி செய்தாலும் மாறாமல் வர வேண்டிய 'ஒத்த அளவீட்டை'ப் பக்கத்து மேசையைப் பார்த்து எழுதும் பிள்ளையிடம் கடுமையாகப் பேசுகிறேன். அந்தப் பிள்ளைக்குக் காண்டலும் போயிற்று, கருதலும் போயிற்று. அணு வெறும் கேள்விப்பட்ட சங்கதி ஆகிவிடுகிறது. சொற்பொழிவாளர் சொன்னது அந்தப் பிள்ளை விஷயத்தில் உண்மையாகிவிடுகிறது. 19.8 வந்தால் 19.8 என்றே எழுதட்டும். அடுத்தது 20.3 வந்தால், குடுவையைக் கழுவிவிட்டு மறுபடி செய்யட்டும். மணி அடித்தாலும் நான் காத்திருக்கிறேன்.