வீண்போகும் வெப்பமும் சற்காரியவாதமும்

காரியம் தோன்றுவதற்கு முன்பே காரணத்துள் நுண்ணிலையில் அடங்கியிருக்கிறது என்பது சற்காரியவாதம். சாங்கியரும் சைவ சித்தாந்திகளும் இதனைக் கொள்ள, காரியம் முன்னர் இல்லாதிருந்து புதிதாகவே தோன்றுகிறது என்னும் அசற்காரியவாதத்தை நியாய வைசேடிகர் கொண்டனர். மெய்கண்டார் வழிவந்த தமிழ் மரபு முதலாவதையும், நவத்வீபத்து நவீன நியாய அறிஞர்களால் புகழ்பெற்ற வங்கம் இரண்டாவதையும் வளர்த்தன. மண்ணையும் குடத்தையும் வைத்து நடந்த அவ்வழக்கைத் தென்கொல்கத்தாவின் டாலிகஞ்சில் நெருங்கி நிற்கும் அடுக்குமாடிகளின் வெப்பத்தை வைத்தும் நடத்திப் பார்க்கலாம்.

அனல்மின் நிலையத்தில் எரியும் நிலக்கரியின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாகிறது. எஞ்சியது புகைபோக்கி வழியாகவும் குளிர்விக்கும் நீர் வழியாகவும் வெளியேறுகிறது. கொல்கத்தாவுக்கு மின்சாரம் தரும் 750 மெகாவாட் பஜ்பஜ் நிலையமும் இதற்கு விலக்கன்று. அம்மின்சாரத்தால் ஓடும் ஏசி, அறையின் வெப்பத்தைச் சந்துக்குள் தள்ள, எதிர்வீட்டாரும் சன்னலை அடைத்து ஏசி வாங்குகின்றனர். இதற்கு மாற்றாக, குடியிருப்பின் அடித்தளத்திலேயே எரிவாயு இயந்திரத்தை ஓட்டி மின்சாரம் எடுத்து, அதன் கழிவெப்பத்தால் குளிரையும் வெந்நீரையும் பெறுவது மும்மை உற்பத்தி எனப்படும். வெப்பத்திலிருந்து குளிர் பிறப்பது விந்தையன்று: உறிஞ்சுவகைக் குளிர்விப்பானில் தாழ்ந்த அழுத்தத்தில் ஆவியாகும் நீர் சுற்றுப்புறத்தைக் குளிர்விக்க, அந்த ஆவியை லித்தியம் புரோமைடு கரைசல் உறிஞ்ச, கழிவெப்பம் அக்கரைசலைக் காய்ச்சி நீரைப் பிரித்து மீண்டும் சுழற்சிக்கு அனுப்புகிறது. நன்கமைந்த இடத்தில் எரிபொருளின் ஆற்றலில் 70 முதல் 80 விழுக்காடுவரை பயன்படும். எரிவாயுவும் கரியமிலவாயுவை விடுவதே என்பது வேறு கணக்கு.

அந்தப் பயன் கழிவெப்பத்துள் முன்பே இருந்ததா? ஆற்றல் அழிவதில்லை என்னும் வெப்ப இயக்கவியலின் முதல் விதி சற்காரியவாதிக்குத் துணையாகத் தோன்றினும், ஆற்றல் அழியாமலேயே வேலை செய்யும் தகுதியை இழக்கிறது என்பதையே 1865-இல் கிளாசியஸ் பெயரிட்ட என்ட்ரோபி காட்டுகிறது. முதற்காரணமாகிய மண் இருந்தும் துணைக்காரணமாகிய தண்டசக்கரமும் நிமித்த காரணமாகிய குயவனும் இன்றிக் குடம் வெளிப்படாது என்று சித்தாந்தி விடையிறுக்கலாம். குடத்துக்கு அவ்விடை பொருந்தும். வெப்பத்தின் பயனோ, அதே பொழுதில் அதனை வேண்டி அருகில் ஒருவர் இருப்பதைச் சார்ந்தது, அவ்வுறவு வெப்பத்துள் அடங்கியதன்று.

டாலிகஞ்சே இதற்குச் சான்று. அவ்வழியே கங்கையின் பழைய தடமாய்த் தூர்ந்துகிடந்த ஆதிகங்கையை 1770-களில் வில்லியம் டாலி தோண்டிப் படகுகளிடம் சுங்கம் பெற்றார். பின்னர் அதே கால்வாய் சாக்கடையாகி, இன்று நடுவே மெட்ரோ தூண்களைச் சுமக்கிறது, அடியார்க்கோ அது இன்றும் கங்கைதான். பயன் நீருக்குள் உறங்கியிருக்கவில்லை. மாந்தர் ஏற்பாட்டால் வந்தது, ஏற்பாடு குலைந்ததும் போயிற்று. இவ்வழக்கில் நியாய வைசேடிகர் பக்கமே வலிது.

குடியிருப்பின் அடித்தள இயந்திரத்துக்கும் இதே நிலைதான்: குளிர்காலம் குறுகிய கொல்கத்தாவில் வெந்நீருக்கு மட்டும் கழிவெப்பம் செலவாகாது. ஒற்றை வீட்டின் குளிர்த்தேவையும் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். வெவ்வேறு பொழுதுகளில் குளிர் வேண்டும் பல வீடுகள் ஒரே குழாயில் இணைய இசைந்த பின்னரே அவ்வியந்திரம் கட்டுப்படியாகும்.