ரசீதும் நிய்யத்தும்

தருமபுரியில் அரசுப் பணி புரியும் அன்பர் ஒருவர் நம்மிடம் வினவினார்: "ஹஸரத், அனாதை நிலையத்துக்கு 10,000 ரூபாய் ஸதகா கொடுத்தேன். ரசீதைக் காட்டி வருமான வரியில் சலுகை பெற்றால் நன்மை குறைந்துவிடுமா?"

1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவில் வந்த சலுகை இது. பழைய வரி முறையைத் தேர்ந்தவர், அங்கீகாரம் பெற்ற அறநிலையங்கள் பலவற்றுக்குத் தரும் தொகையில் பாதியை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். 20 சதவீத வரி கட்டுபவருக்கு 10,000 ரூபாயில் மிச்சமாவது ஏறத்தாழ 1,000 ரூபாய். அரசே விட்டுக்கொடுப்பதை உண்மைக் கணக்குக் காட்டிப் பெறுவதில் குற்றமில்லை; பொய் ரசீது வாங்குவதோ ஹராம். வெளிப்படையான தர்மமும் நல்லதே. ஏழைக்கு மறைவாகக் கொடுப்பது அதனினும் மேல் என்பது அல்பகரா அத்தியாயத்தின் 271ஆம் வசனம் தரும் படிப்பினை.

ஆனால் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். சட்டம் நிறுவனத்தை அறியும். அடுத்த வீட்டு விதவையை அறியாது. கடனில் தவிக்கும் உறவினர் ரசீது தரமாட்டார். உறவினருக்குத் தரும் ஸதகாவுக்கோ இரட்டை நன்மை உண்டென நபி (ஸல்) அவர்கள் கற்பித்திருக்கிறார்கள். ரசீது கிடைக்கும் இடத்துக்கு மட்டுமே நம் கை நீளுமானால், அங்கேதான் நிய்யத் பழுதுபடுகிறது.

அந்த அன்பருக்கு நாம் சொன்னோம்: "சலுகையைப் பெறுங்கள். மிச்சமான 1,000 ரூபாயை, ரசீது தர இயலாத ஓர் ஏழையின் கையில் மறைவாக வையுங்கள்."

அல்லாஹ் நம் நிய்யத்தைத் தூய்மையாக்குவானாக! ஆமீன்.