நண்டின் வயிற்றில் ஒரு தாளம்

நண்டுக்கு வயிற்றுக்குள்ளும் பற்கள் உண்டு, மூன்று. விழுங்கியதை அவை மெதுவாக அரைக்கும். அரைபட்டதைச் சலித்துப் பின்னே தள்ளும் பகுதி விநாடிக்கு ஏறக்குறைய ஒருமுறை சுருங்கும். இரண்டையும் நடத்துவது சுமார் 30 நரம்புச் செல்கள் கொண்ட ஒரு முடிச்சு.

*

முடிச்சை அதன் நரம்புகளோடு பிரித்தெடுத்துக் குளிர்ந்த உப்புக்கரைசலில் வைக்கிறார்கள். அரைக்க இரையில்லை, சுருங்கத் தசையில்லை. தாளம் மட்டும் மணிக்கணக்கில் ஓடுகிறது.

ஓர் அசைவுதான் அடுத்த அசைவைத் தூண்டுகிறது என்று பலர் நம்பிய காலம் ஒன்று இருந்தது. 1961-இல் டொனால்ட் வில்சன், வெட்டுக்கிளியின் சிறகிலிருந்து வரும் உணர்வு நரம்புகளைத் துண்டித்துப் பார்த்தார். பறத்தலின் தாளம் வேகம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை.

*

இன்று நெடுநேரம் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்: இந்தச் செல்கள் ஒன்றையொன்று எழுப்பிவிடுவதில்லை, பெரும்பாலும் அடக்குகின்றன. தாளம் தொடங்கும் செல் தன் இரு துணைகளோடு துடிக்கும்போது மற்றவை வாயடைத்துக் கிடக்கின்றன. அது ஓய்ந்ததும், அடக்கப்பட்டிருந்த ஒன்று துள்ளி எழுகிறது. பிறகு அடுத்த கூட்டம். அடங்கிக் கிடந்ததே அவை எழுவதற்கான விசை. மௌனத்துக்கு இப்படி ஒரு வேலை இருக்குமென்று நான் எண்ணியதில்லை.

*

ஈவ் மார்டர் தம் வாழ்நாள் உழைப்பை இந்த முடிச்சுக்குக் கொடுத்தவர். 2004-இல் அவரும் உடன் உழைத்தவர்களும் இந்த நரம்புச் சுற்றின் 2 கோடிக்கும் மேற்பட்ட வடிவங்களைக் கணினியில் ஓடவிட்டார்கள். உள்ளளவுகள் வெகுவாக மாறியும், லட்சக்கணக்கானவை ஏறத்தாழ ஒரே தாளத்தைத் தந்தன. உயிருள்ள நண்டுகளிலும் அப்படித்தான். ஒரே வகைச் செல்லின் அயனிக் கால்வாய்கள் நண்டுக்கு நண்டு மடங்குக் கணக்கில் வேறுபடுகின்றன.

*

அட்லாண்டிக் கரையின் ஜோனா நண்டு. 7 டிகிரியிலிருந்து 23 டிகிரிக்குச் சூடேற்றினால் தாளம் ஏறத்தாழ நான்கு மடங்கு விரைகிறது. ஆனால் ஒரு சுற்றுக்குள் யார் எப்போது, எவ்வளவு பங்கு என்பது மாறுவதில்லை, முதல் காலத்தில் சொன்ன சொற்கட்டை இரண்டாம் காலத்தில் சொல்வதுபோல. அதற்கும் மேல் சூடேறினால் வரிசை குலைகிறது. எல்லா நண்டும் ஒரே விதமாகக் குலைவதுமில்லை. அதுவரை ஒளிந்திருந்த தனித்தன்மை அப்போதுதான் தெரிகிறது.

நீரைக் குளிரவைக்கிறார்கள். முதல் செல் துடிக்கிறது. மற்றவை அடங்கி, தங்கள் முறைக்குக் காத்திருக்கின்றன.