சுலைமான் நபியின் மோதிரம் எங்கிருந்து வந்தது?



கோலா பிலாவிலுள்ள நமது கடையில் அத்தர், தொப்பி, தஸ்பீஹ் மணி வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தட்டு நிறைய வெள்ளி மோதிரங்கள் உண்டு. அவற்றில் சிலவற்றின் முகப்பில் ஆறு முனை நட்சத்திரம் வெட்டியிருக்கும். "சுலைமான் நபி முத்திரை, ஜின், ஷைத்தான் அண்டாது" என்று சொல்லி, மற்ற மோதிரத்தைவிடப் பத்து ரிங்கிட் கூடுதலாக விற்று வந்தோம். சிறு வயதில் கேட்ட கிஸ்ஸாதான். பொய் சொல்கிறோம் என்று ஒருநாளும் நாம் நினைத்ததில்லை.

பள்ளி விடுமுறையில் கடைக்கு வந்த நமது அண்ணன் மகன் ஓர் இங்கிலீஷ் மாயக்கதைப் புஸ்தகம் வாசித்துக் கொண்டிருந்தான். 1950-ல் லூயிஸ் என்பவர் எழுதிய கதை அது. அதில் வரும் சூனியக்காரி ஒரு பக்கம் ஜின் வம்சத்தவள் என்று எழுதியிருப்பதைக் காட்டி, "சாச்சா, இது நம்ம ஜின்தானா?" என்றான். ஆமாம் என்றோம். அவன் மோதிரத் தட்டைப் பார்த்துவிட்டு, "அப்போ இந்த மோதிரம் குர்ஆன்ல எந்த இடத்துல இருக்கு?" என்றான். இருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தோம். இடம் சொல்ல வரவில்லை.

அன்றிரவே தேடத் தொடங்கினோம். திருக்குர்ஆனில் சுலைமான் அலைஹிஸ்ஸலாம் அவர்களுக்குக் காற்று வசப்பட்டது உண்டு. பறவைகளின் பாஷை உண்டு. உருகிய செம்பு ஊற்றாய் ஓடியது உண்டு. ஜின்கள் கட்டிடம் கட்டியதும், கடலில் மூழ்கியதும், சில ஜின்கள் விலங்கிடப்பட்டதும் உண்டு. மோதிரம் இல்லை. முத்திரையும் இல்லை. அவர்களுடைய சிம்மாசனத்தின்மேல் ஓர் உடல் போடப்பட்டது என்று 38-ஆம் அத்தியாயத்தில் வருகிறதல்லவா, அங்கேதான் கதைசொல்லிகள் நுழைந்திருக்கிறார்கள். ஒரு ஷைத்தான் மோதிரத்தைத் திருடி ஆட்சி செய்தான், பிறகு மீன் வயிற்றில் மோதிரம் கிடைத்தது என்பதெல்லாம் அந்த இடைவெளியில் வைத்த சரக்கு. இவை இஸ்ராயீலியத்துகள், அதாவது வேதக்காரர்களிடமிருந்து வந்து கலந்த செய்திகள் என்று இமாம் இப்னு கதீர் அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

அந்த வழியே போனால் யூதர்களின் தல்மூதில், இறைவன் பெயர் பொறித்த மோதிரமும் அஷ்மதாய் என்ற ஷைத்தானும் வருகிறார்கள். கிரேக்க மொழியிலுள்ள ஒரு பழைய நூலில், ஆலயம் கட்டும் வேலைக்கு ஷைத்தான்களை அடக்க வானவர் ஒருவர் மோதிரம் கொண்டுவந்து கொடுக்கிறார். அதற்கும் முன்னால், கி.பி. முதல் நூற்றாண்டில், ஜோசபஸ் என்ற சரித்திராசிரியர், சுலைமான் நபி சொன்ன வேரை ஒரு மோதிரத்தில் வைத்து, பேய் பிடித்தவன் மூக்கருகே காட்டிப் பேய் ஓட்டியதைப் பார்த்ததாக எழுதியிருக்கிறார். நமது கண்ணாடிப் பெட்டிச் சரக்குக்கு வயது இவ்வளவு!

பிறகு அந்த முத்திரை அல்ப் லைலாவுக்குள் வந்து, செம்புக் குடத்தில் ஜின்னை அடைத்து மூடியது. பித்தளைப் பட்டணத்துக் கதை அப்படித்தான். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் (1816–1898) அரபுத்தமிழில் தாமிரப் பட்டணம் எழுதியதால் நம் வீடுகளுக்கும் அந்தப் பட்டணத்தின் பெயர் தெரியும். லூயிஸும் இதே கடையில்தான் சரக்கு எடுத்திருக்கிறார்: அவர் கதைச் சிங்கத்துக்கு வைத்த அஸ்லான் என்ற பெயர் துருக்கியில் சிங்கம் என்றே பொருள்படும், அல்ப் லைலாவின் இங்கிலீஷ் மொழிபெயர்ப்புக் குறிப்புகளில் அதைக் கண்டெடுத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் மோதிரம் என்று கண்டதையெல்லாம் சுலைமான் நபி பக்கம் இழுப்பதும் தவறு. டோல்கியன் 1954, 1955-ல் வெளியிட்ட கதையில் அணிந்தவனை மறைக்கும் மோதிரம் வருகிறது. அதைப் போன்ற ஒன்று பிளேட்டோவின் நூலில் கைஜஸ் என்ற இடையன் கதையிலேயே இருக்கிறது. சாயல் இருப்பதால் மட்டும் சொந்தம் ஆகிவிடாது.

கதை வாசிப்பது ஹராமா என்று சிலர் கேட்கக்கூடும். பையன் வாசிக்கட்டும் என்பதே நமது அபிப்பிராயம். லூயிஸ் தமது சிங்கத்தைக் கதை என்றே விற்றார். நாம்தான் கதையை மார்க்கம் என்று விற்றோம். அதிலும் நம்மைக் குத்தியது இரண்டாம் அத்தியாயத்து 102-ஆம் வசனம். சுலைமான் நபி சூனியம் செய்தார் என்ற பழியை அல்லாஹ் அங்கே துடைக்கிறான். சூனியத்தைக் கற்றுக்கொடுத்தவர்கள் ஷைத்தான்களே என்கிறான். துடைத்த பழியை வெள்ளியில் பொறித்து, பத்து ரிங்கிட் கூட்டி விற்றவர்கள் யார்?

ஸபா அத்தியாயத்தில் அவர்களுடைய மௌத்து வருகிறது. கைத்தடியில் சாய்ந்தபடி உயிர் பிரிந்திருந்தது. ஜின்களுக்குத் தெரியவில்லை, வேலை செய்துகொண்டே இருந்தன. ஒரு பூச்சி தடியை அரித்து, உடல் சாய்ந்த பிறகுதான் தெரிந்தது. மறைவானதை அறியாத அந்த ஜின்களுக்குப் பயந்துதான் மோதிரம் வாங்குகிறோம்.

நம் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களும் வெள்ளி மோதிரம் அணிந்தார்கள். அரசர்களுக்கு அனுப்பும் கடிதத்தில் முத்திரை வைக்கத்தான் அது. உஸ்மான் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் காலத்தில் அது அரீஸ் கிணற்றில் விழுந்தது. மூன்று நாள் தேடினார்கள், கிடைக்கவில்லை. எந்த மீனும் கொண்டுவந்து கொடுக்கவில்லை.

தட்டில் இன்னும் ஒன்பது மோதிரங்கள் இருக்கின்றன. நகையாகக் கேட்பவருக்கு நகை விலைக்கே கொடுக்கிறோம். சென்ற மாதம் எஸ்டேட்டிலிருந்து ஒரு தாய், இரவில் அலறும் பிள்ளைக்கு என்று கேட்டு வந்தார். விவரம் சொல்லி, டாக்டரிடம் காட்டச் சொன்னோம். பத்து ரிங்கிட்டுக்காகப் பொய் சொல்கிறோம் என்று நினைத்தாரோ என்னவோ, பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்.

முன்பு வாங்கியவர்களைத்தான் எப்படித் தேடுவது என்று தெரியவில்லை. சிறிய ஊர்; முகம் தெரிந்தவர் மூவரிடம் சொல்லிப் பத்து ரிங்கிட்டைத் திருப்பிக் கொடுத்தோம். ஒருவர் வாங்கிக்கொண்டார். ஒருவர் கோபித்துக்கொண்டார். மூன்றாமவர், வயதானவர், பணத்தை வாங்காமல் விரலைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதைப் போட்ட பிறகுதாண்டா தம்பி நான் தூங்குறேன்" என்றார். அவருக்கு என்ன பதில் சொல்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறோம்.